சிம்னி வாங்குமுன் குழாய்க்கு வழி பாருங்கள்

கேள்வி: சமையலறையைப் புதுப்பிக்கிறோம். பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிவிட்டுச் சிம்னி வைக்கலாம் என்று இருக்கிறோம். கடையில் 1,200, 1,500 என்று எண்களாகச் சொல்கிறார்கள். பெரிய எண் உள்ளதை வாங்கினால் போதுமா? அடுப்பு வரப்போவது உட்சுவரில். "அப்படியென்றால் குழாயே வேண்டாத மாடல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் கடைக்காரர். அது சரியா?

பதில்: அந்த எண்ணைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். மோட்டார் ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்ற கணக்கு அது. பல நேரம் குழாய் மாட்டாத வெறும் மோட்டாரின் திறனைத்தான் பெட்டியில் பெரிதாக அச்சிடுகிறார்கள். குழாய் மாட்டி, இரண்டு வளைவு போட்டதும் அது கணிசமாக இறங்கிவிடும்.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் உள்ள அறை என்றால் 21 கன மீட்டர். மணிக்குப் பத்து முதல் பதினைந்து முறை அறைக் காற்று மாற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக 210 முதல் 315 வரை. குழாயில் போகும் இழப்புக்கும் நிறையப் பொரிக்கும் நாளுக்கும் சேர்த்து இதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொண்டாலும் 1,500 பக்கத்தில்கூடப் போகாது. சமையலறை ஹாலோடு திறந்திருந்தால் மட்டும் அந்த இடத்தையும் கணக்கில் சேருங்கள்.

குழாய் வேண்டாத மாடல் புகையை உறிஞ்சி, கரி ஃபில்டர் வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் ஓரளவு குறையும். ஆனால் சூடும் நீராவியும் எங்கே போகும்? அங்கேயேதான் இருக்கும். கேஸ் எரிவதில் வரும் வாயுக்களையும் அது சரியாகப் பிடிக்காது. கரி ஃபில்டரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றும் செலவு தனி. குழாய் போடவே வழியில்லாத வீட்டுக்கு அது பரவாயில்லை. சுவரையும் அலமாரியையும் பிரித்துப் போட்டிருக்கும் உங்களுக்கு அது எதற்கு? இப்போதே அடுப்பை வெளிச்சுவர்ப் பக்கம் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அலமாரிகளுக்கு மேலாகக் குழாய் போக இடம் விட்டு வரையச் சொல்லுங்கள்.

அந்தக் குழாய் விஷயத்தில் நான் பட்டது உண்டு. என் வீட்டில் அலமாரி செய்தவர், தட்டு இடிக்கிறது என்று 6 அங்குலக் குழாயை நடுவில் 4 அங்குலமாகச் சுருக்கிவிட்டார். இரண்டு அங்குலம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். பரப்பைக் கணக்குப் போட்டால் பாதிக்கும் கீழே போய்விடுகிறது! சிம்னி போட்ட நாள் முதல் ஓயாத இரைச்சல். இழுப்போ, சட்டியிலிருந்து எழும் ஆவி சிம்னியின் விளிம்பு வரை போய், அப்படியே முன்பக்கமாக மடிந்து என் முகத்துக்கு வரும். பிறகு கழற்றிப் பார்த்தால், மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த நெளிகுழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் தேன் மாதிரிப் பிசுக்கு தேங்கியிருந்தது.

ஆகவே, உள்ளே வழவழப்பான தகரக் குழாய், கடைசி வரை ஒரே அகலம், முடிந்த அளவு குறைவான வளைவு. வெளி முனையில் காற்று திரும்பி வராத மூடி. ஃபால்ஸ் சீலிங்குக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். பிசுக்கெல்லாம் அங்கே படிந்து, தீப்பிடிக்கத் தோதாகிவிடும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே துளையும் பிளக் பாயிண்ட்டும் முடிந்திருக்கட்டும்.

அகலத்தில் அடுப்பைவிடச் சிம்னி குறையக் கூடாது. கொஞ்சம் கூடினால் நல்லது. உயரம் கேஸ் அடுப்புக்குப் பொதுவாக 65 முதல் 75 சென்டிமீட்டர். மாடலோடு வரும் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. அப்புறம், அதிகம் புகையும் பாத்திரத்தைப் பின் பர்னரில் வையுங்கள். முன் பர்னரின் புகை பாதி நழுவிவிடும்.

கேள்வி: வலை ஃபில்டர், பேஃபிள், ஃபில்டரே இல்லாதது. எது நல்லது?

பதில்: எண்ணெய்ச் சமையல் அதிகம் என்றால் பேஃபிள். வளைந்த எஃகுத் தகடுகளுக்கு நடுவே காற்று திரும்பித் திரும்பிப் போகும்போது எண்ணெய் தகட்டில் மோதி வழிந்துவிடும். கழற்றி வெந்நீரில் ஊறவைத்துக் கழுவலாம். வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் இழுப்பு போய்விடும். 'ஆட்டோ கிளீன்' என்பதைப் பெரிதாக நம்ப வேண்டாம். உள்ளே சூடேற்றிப் பிசுக்கை ஒரு கிண்ணத்தில் இறக்கும், அவ்வளவுதான். கிண்ணத்தை நீங்கள்தான் கழுவ வேண்டும். கையசைத்தால் ஓடும் வசதிக்குத் தரும் பணத்தைக் குழாயில் போடலாம்.

கேள்வி: சமையலறையை ஒட்டிக் கேஸ் ஹீட்டர் இருக்கிறது. ஏதாவது பிரச்சினை வருமா?

பதில்: வரலாம், இதை அலட்சியப்படுத்தாதீர்கள். சிம்னி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தால், ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுத்து, அதன் புகையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். அதில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சிம்னி ஓடும்போது ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். இரண்டையும் ஒரே புகைக்குழாயில் சேர்க்கவே கூடாது. சிம்னி மாட்டியதும், அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஹீட்டரின் புகை வெளியேதான் போகிறதா என்று ஹீட்டர் மெக்கானிக்கை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.