யோனாவின் எரிச்சல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

தோத்திரம். உங்கள் வேதாகமக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அப்பா காலமான சில மாதங்களில், வங்கிக் கடனுக்கு வாரிசுகளின் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அண்ணன் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். நானும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அது சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது சென்ற ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் தெரிந்தது. வீடும் வயலும் அவர் பெயருக்குப் போய்விட்டன.

இப்போது அண்ணன் மனந்திரும்பியிருக்கிறார். உபவாசக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்பாக அழுது சாட்சி சொன்னார். குடியை விட்டதைச் சொன்னார். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மறுநாள் போதகரும் மூப்பர்களும் என் வீட்டுக்கு வந்து, "நினிவேயையே தேவன் மன்னித்தார். நீ யோனாவைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மன்னிக்காதது கீழ்ப்படியாமை" என்றார்கள். அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். "அத்தை, நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும்" என்று அவளே வந்து அழைத்தாள். என் மடியில் வளர்ந்தவள். எனக்கு இரவில் தூக்கமில்லை. நான் யோனாதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏமாற்றப்பட்டவரின் வீட்டுக்கு வேதாகமத்தோடு போய், அதைக் கொண்டே அவர் வாயை அடைப்பது பெரிய அநியாயம். அதற்கு யோனாவின் புத்தகத்தை எடுத்தார்களே என்பதில் வருத்தம் இன்னும் அதிகம். கோபத்தோடு இருக்கும் மனிதனிடம் தேவன் இவ்வளவு பொறுமையாகப் பேசும் இடங்கள் வேதாகமத்தில் மிகக் குறைவு.

அந்தப் புத்தகம் 4 அதிகாரங்கள், 48 வசனங்கள்தான். அரை மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். நினிவேக்குப் போகச் சொன்ன தேவனிடமிருந்து தப்ப யோனா தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் ஏறுகிறான், புயலில் கடலில் எறியப்படுகிறான், ஒரு பெரிய மீன் அவனை விழுங்கிப் பிறகு கரையில் கக்குகிறது. ஓய்வுநாள் பள்ளியில் நாம் எல்லாரும் அந்த மீனோடு நின்றுவிட்டோம். மீன் வருவதோ மொத்தம் மூன்று வசனங்களில். "சொன்னதைக் கேட்காவிட்டால் இதுதான் கதி" என்ற பிரசங்கம் முதல் இரண்டு அதிகாரங்களோடு முடிந்துவிடுகிறது. யோனா மூன்றாம் அதிகாரத்தில் சொன்னபடியே நினிவேக்குப் போகிறான். கீழ்ப்படிதல் மட்டுமே பாடம் என்றால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். நான்காம் அதிகாரத்துக்கு வேலையே இல்லை.

அந்தக் கீழ்ப்படிதலும் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மீனின் வயிற்றிலிருந்து அவன் செய்யும் ஜெபத்தில் பயம் இருக்கிறது, நன்றி இருக்கிறது, பொருத்தனை இருக்கிறது. "நான் தவறு செய்தேன்" என்பது எங்குமே இல்லை. மூன்று நாள் நடக்கும் அளவு பெரிய நகரத்தில் ஒரு நாள் பயணம் போகிறான். "இன்னும் நாற்பது நாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" என்ற ஒரே வரியைக் கூறுகிறான். மனந்திரும்புங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் கால்கள் கீழ்ப்படிந்தன, மனம் தர்ஷீசுக்குப் போகும் கப்பலிலேயே இருந்தது. அந்த மனத்தோடு பேசத்தான் நான்காம் அதிகாரம்.

அவன் மனம் ஏன் அப்படி இருந்தது என்பதை உங்களிடம் வந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அமித்தாயின் குமாரன் யோனா, காத்தேப்பேர் ஊரான், இஸ்ரவேலின் அரசன் இரண்டாம் யெரொபெயாம் காலத்துத் தீர்க்கதரிசி என்று இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டு அது. நினிவே அசீரியரின் மாநகரம். இன்றைய ஈராக்கின் மோசுல் நகருக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் அதன் மண்மேடுகள் இன்றும் இருக்கின்றன. இந்த அசீரியர்தான் கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைப் பிடித்து, இஸ்ரவேலரைக் கூட்டங்கூட்டமாகச் சிறைபிடித்துக்கொண்டு போனவர்கள். யோனாவின் கதை எழுதப்பட்டது அதற்கு வெகுகாலத்துக்குப் பின் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் இதை முதலில் கேட்டவர்கள், நினிவே என்ற பெயரைக் கேட்டாலே குடும்பத்தின் இழப்பு நினைவுக்கு வருகிறவர்கள்.

அசீரியர் தங்கள் கொடுமையை மறைத்தவர்களும் இல்லை. சனகெரிப் அரசன் கி.மு. 701-ல் யூதாவின் லாகீஸ் நகரைப் பிடித்ததை நினிவே அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்தான். அந்தப் பலகைகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோட்டை மதிலுக்கு வெளியே ஆட்களைக் கழுவில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். தரையில் கிடத்திய கைதிகளின் தோலை உரிக்கிறார்கள். அதே கல்லில், மாட்டு வண்டியின் மூட்டைகள்மேல் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போகிறார்கள். அரசனைப் பார்க்க வருகிறவர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்று பெருமையோடு செதுக்கிய சிற்பம் இது.

இப்படிப்பட்ட ஊருக்கு மன்னிப்பா என்று ஒருவனுக்கு எரிச்சல் வந்தால், அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள என்னால் முடியாது. தான் ஓடிப்போன காரணத்தை அவனே தேவனிடம் சொல்கிறான்: நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன். நினிவே தன்னைக் கொன்றுவிடும் என்று அவன் பயப்படவில்லை. நினிவே தப்பித்துவிடும் என்றுதான் பயந்தான். உங்களுக்கும் இந்தப் பயம் புரியும் என்று நினைக்கிறேன். அண்ணன் அழுதுவிட்டார், கணக்கு முடிந்தது என்று எல்லாரும் கைதட்டிக் கலைந்துவிடுவார்கள் என்ற பயம்.

இனி நினிவேயின் மனந்திரும்புதல். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. நகரத்தார் உபவாசம் கூறி, துக்கத்துக்கு அடையாளமான முரட்டுத் துணியாகிய இரட்டை உடுத்திக்கொள்கிறார்கள். அரசன் சிங்காசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். ஆடுமாடுகளுக்கும் தீனி இல்லை, தண்ணீர் இல்லை, அவற்றுக்கும் இரட்டு. (கேரளத்துச் சுரியானிச் சபைகள் இன்றும் பெரிய நோன்புக்குச் சில வாரங்கள் முன்பு மூன்று நாள் நினிவே நோன்பு இருக்கின்றன. கோட்டயம் பக்கம் குரவிலங்காட்டில் அந்த நாட்களில் ஒரு மரக்கப்பலைத் தூக்கிக்கொண்டு, புயலில் தத்தளிப்பது போல ஆட்டிக்கொண்டே பவனி போவார்கள்.) ஆனால் அரசனின் கட்டளை உபவாசத்தோடு முடியவில்லை. அவரவர் தம்தம் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்கிறான். கண்களிலுள்ள நீரைப் பற்றி அவன் பேசவே இல்லை. கட்டளைக்கு அடுத்து வரும் வசனமும் தேவன் அவர்களுடைய கிரியைகளைப் பார்த்தார் என்கிறது.

யூத குருமார் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மழையில்லாக் காலத்து உபவாச நாளில் மூப்பர் ஒருவர் எழுந்து, "சகோதரரே, நினிவேயாரின் இரட்டையும் உபவாசத்தையும் தேவன் பார்த்தார் என்று எழுதியிருக்கவில்லை, அவர்கள் கிரியைகளைப் பார்த்தார் என்றே எழுதியிருக்கிறது" என்று எல்லாருக்கும் நினைவூட்ட வேண்டும் என்பது யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் உள்ள விதி. மிஷ்னாவை விளக்கும் நூலான தல்மூது இன்னும் ஒரு படி போகிறது. கையிலுள்ள கொடுமை என்றால் என்ன? ஒருவன் உத்திரம் ஒன்றைத் திருடி அதை வைத்து மாளிகை கட்டியிருந்தால், மாளிகை முழுவதையும் இடித்தாவது அந்த உத்திரத்தைச் சொந்தக்காரனிடம் சேர்க்க வேண்டும் என்கிறார் சாமுவேல் என்ற குரு. நடைமுறையில் இது மிகக் கடினம், திருந்த நினைப்பவனும் பயந்து பின்வாங்குவான் என்பதால், உத்திரத்தின் விலையைக் கொடுத்தால் போதும் என்று மிஷ்னாவிலேயே இளக்கம் செய்திருந்தார்கள். வீட்டை இடிக்கச் சொல்லாத கருணை அது. ஆனால் விலையைக் கொடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் புதிய ஏற்பாட்டில் வரி வசூலித்த சகேயுவும், "அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றுதானே சொன்னான்? இயேசு அதைக் கேட்ட பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார்.

உங்கள் அண்ணன் அழுதது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். குடியை விடுவது லேசான காரியம் இல்லை, அந்த வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய விடிவு. ஆனால் பத்திரம் இன்னும் அவர் பீரோவில் இருக்கிறது. கையில் உள்ளது கையிலேயே இருக்கும்போது நினிவேயை அவருக்கு உதாரணமாகச் சொல்ல முடியாது. நினிவே உதாரணம் என்றால், போதகர் முதலில் போக வேண்டிய வீடு அண்ணனுடையது.

அடுத்து மன்னிப்பு. நினிவேயை மன்னித்தவர் தேவன். அந்தப் புத்தகத்தில் யாரும் யோனாவிடம், "நீ நினிவேயை மன்னித்துவிடு" என்று சொல்லவில்லை. தேவனும் சொல்லவில்லை. "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேட்கிறார். யோனா பதில் சொல்லாமல் நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறான். அவனைத் திட்டி இழுத்துவர யாரும் அனுப்பப்படவில்லை. தலைக்கு நிழலாக ஆமணக்குச் செடி வருகிறது. பிறகு பூச்சியும் வெயிலும் கீழ்க்காற்றும் வருகின்றன, உண்மைதான். ஆனால் அவை பேச்சை முறிக்காமல் தொடர்வதற்காக வருகின்றன. மறுபடி அதே கேள்வி. "மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான்" என்று தேவனுக்கு நேராகவே சொல்கிறான். அப்படிச் சொன்னவனைப் புயலோ மீனோ தேடி வரவில்லை.

யூதர்கள் இந்தப் புத்தகம் முழுவதையும் பாவநிவாரண நாளின் பிற்பகலில் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். அதே நாளைப் பற்றி மிஷ்னாவில் இன்னொரு விதி உண்டு. மனிதனுக்கும் தேவனுக்கும் இடையிலான பாவத்துக்கு அந்த நாள் நிவாரணம் தரும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பாவத்துக்கு, பாதிக்கப்பட்டவனைப் போய்ச் சமாதானப்படுத்தும்வரை நிவாரணம் இல்லை. மன்னிப்புக் கேட்க அண்ணன் உங்கள் வாசலுக்கு வர வேண்டும். வேறு ஆட்களை அனுப்பி, அவர் சார்பில் உங்களைக் குற்றவாளியாக்குவது முறையில்லை. கேட்காத மன்னிப்பைக் கொடுக்கவில்லை என்று உங்கள்மேல் குற்றம் சுமத்த யாருக்கும் உரிமை கிடையாது. ஒருநாள் நீங்களாகவே மன்னித்தால் அது உங்கள் மனத்திலிருந்து வரட்டும்.

யோனாவின் புத்தகம் உங்களிடம் எதையும் கேட்கவில்லையா என்றால், கேட்கிறது. ஆமணக்கு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். மேட்டுநிலத்தின் ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே மளமளவென்று வளரும். தண்டு உள்ளே கூடு, இலையோ கையகலம். அந்தச் செடி வாடியதற்கு யோனா செத்துவிட வேண்டும் என்கிறான். அப்போதுதான் தேவன் கடைசிக் கேள்வியைக் கேட்கிறார்: வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரும், அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ? புத்தகம் அங்கே முடிந்துவிடுகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

அந்த இலட்சத்து இருபதினாயிரம் பேரைக் குழந்தைகள் என்றே பலர் பொருள்கொள்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கழுவேற்றியவர்கள் அவர்கள் இல்லை, ஆடுமாடுகளும் இல்லை. யோனாவின் எரிச்சலில் நியாயம் இருந்தது. ஆனால் நகரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததில், அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவன் பார்க்கத் தவறிவிட்டான். தேவன் அவனைப் பார்க்கச் சொன்னது அதைத்தான். அவன் பட்டதை மறக்கச் சொல்லவில்லை. வேதாகமத்தில் இரண்டு புத்தகம் தள்ளி நாகூம் இருக்கிறார். இரத்தப்பழிகளின் நகரமாகிய நினிவே அழிவதைப் பற்றியே அவருடைய புத்தகம் முழுவதும். அதையும் யாரும் எடுத்து எறிந்துவிடவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். யோனாவைப் போல உங்களுக்கும் எரிச்சல் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அதற்காகக் கீழ்ப்படியாதவர் ஆகிவிட மாட்டீர்கள். கல்யாணத்துக்குப் போங்கள். உங்களை அழைத்தவள் அந்தப் பெண், அவள் உங்களிடம் எந்தக் கையெழுத்தும் வாங்கவில்லை. அத்தை செய்ய வேண்டிய முறைகளையெல்லாம் மனநிறைவோடு செய்யுங்கள். பந்தலில் யாராவது, "எல்லாம் சரியாகிவிட்டதே" என்று கைகுலுக்க வந்தால், "பிள்ளைக்காக வந்தேன், பத்திர விஷயம் பாக்கி இருக்கிறது" என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். போதகர் திரும்ப வந்தால், யோனா மூன்றாம் அதிகாரத்தின் எட்டாம், பத்தாம் வசனங்களைச் சேர்ந்து வாசிக்கலாம் என்று கேளுங்கள்.

பத்திர விஷயத்தைத் தனியாகப் பாருங்கள். அண்ணனுக்கு நேராக ஒரு கடிதம் எழுதி, உங்கள் பங்கைத் திரும்பக் கேளுங்கள். அவர் மனந்திரும்புதலை நிறைவு செய்ய அது ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பை அவர் பிடித்துக்கொள்ளவும் கூடும். கூடவே ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்கை, ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பது பொதுவான விதி. உங்களுக்குத் தெரிந்தது சென்ற ஆண்டு. பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடனும் ஜெபத்துடனும்.