ஷட்டில் தரையிறங்கிய பிறகு என்ன நடக்கும்? கேள்வி பதில்

நாசாவின் விண்வெளி ஓடங்கள், அதாவது ஷட்டில்கள், மேலே போவதைப் பற்றி எழுதியபோது, கீழே வந்த பிறகு என்ன ஆகும் என்றுதான் பலரும் கேட்டிருந்தீர்கள். 2011 ஜூலையில் ஷட்டில்கள் ஓய்வு பெற்றுவிட்டதால் பதில்கள் எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கும்.

கேள்வி: ஓடம் நின்றதும் வீரர்கள் ஏன் உடனே இறங்குவதில்லை? முழு உடம்பையும் மூடிக்கொண்டு சிலர் சுற்றி வருகிறார்களே, அவர்கள் யார்?

அவர்கள் தரைப் பணியாளர்கள். ஓடத்தின் சிறிய எஞ்சின்களில் எரிபொருளாக மோனோமெத்தில் ஹைட்ரசீனும் அதை எரிக்க நைட்ரஜன் டெட்ராக்சைடும் இருக்கும். ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். இரண்டும் கடும் நச்சு. குளிரூட்ட வைத்திருக்கும் அம்மோனியாவும் கசியலாம். அதனால் முதலில் காற்றுப்புகா உடையில் நாலைந்து பேர் கருவிகளோடு நெருங்கி, ஏதாவது கசிகிறதா என்று மோப்பம் பிடிப்பார்கள். வாயுவைக் கலைத்து விரட்ட லாரி மேல் பெரிய காற்றாடி ஒன்றும் தயாராக நிற்கும். பிறகு வால் பக்கம் வண்டிகளைக் கொண்டுவந்து குழாய் மாட்டுவார்கள். ஒன்று குளிர்விக்கும், இன்னொன்று உள்ளே தேங்கிய வாயுக்களை வெளியே தள்ளும். அதற்கப்புறம்தான் கதவு திறக்கும். வீரர்கள் வெளியே வர சுமார் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

கேள்வி: அண்ணா, புளோரிடாவில் ஏவிவிட்டு கலிஃபோர்னியாவில் போய் இறக்கியது ஏன்?

பெரும்பாலும் வானிலைதான், தம்பி. ஷட்டில் எஞ்சினை இயக்காமல் மிதந்து இறங்கும். தப்பினால் மறுபடி ஒரு சுற்று சுற்றி வர முடியாது. புளோரிடாவின் கென்னடி மையத்தில் மேகம், மழை, குறுக்குக்காற்று என்று ஏதாவது இருந்தால் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குத் திருப்பிவிடுவார்கள். ஆரம்ப காலத்தில் அங்கே இருக்கும் வறண்ட ஏரிப் படுகையின் விஸ்தாரத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 133 தரையிறக்கங்களில் கென்னடியில் 78, எட்வர்ட்ஸில் 54. மீதி ஒன்று 1982 மார்ச்சில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில். எட்வர்ட்ஸ் ஏரியில் தண்ணீர் நின்றதால் கொலம்பியா என்ற ஓடம் ஒயிட் சாண்ட்ஸுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்குள்ள ஜிப்சம் தூசி ஓடத்தின் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, துடைத்து மாளவில்லை. அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இறங்கிய ஓடத்தைப் புளோரிடாவுக்குக் கொண்டுவர 747 விமானத்தின் முதுகில் எப்படி ஏற்றினார்கள்?

அதற்கென்றே எட்வர்ட்ஸிலும் கென்னடியிலும் இரும்புச் சட்டக் கோபுரம் கட்டி வைத்திருந்தார்கள். ஓடத்தை அதில் தூக்கி நிறுத்தியதும் விமானம் அடியில் வந்து நிற்கும். அப்புறம் மெதுவாக இறக்கி, முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என மூன்று தாங்கிகளில் பொருத்துவார்கள். ‘ஓடத்தை இங்கே பொருத்தவும். கவனம்: கறுப்புப் பக்கம் கீழே’ என்று ஒரு தாங்கியில் யாரோ குசும்புக்காரர் எழுதி வைத்திருந்தார். எஞ்சின்களை மூடிப் பின்பக்கம் கூம்பு மாட்டுவார்கள், காற்று சீராக வழுக்கிப் போக.

மழைதான் பெரிய எதிரி. அந்த வேகத்தில் மோதும் மழைத்துளி வெப்பக்காப்பு ஓடுகளைச் சிதைத்துவிடும். அதனால் வழிகாட்டி விமானம் ஒன்று முன்னே பறந்து வானிலை சொல்லிக்கொண்டே போகும். முதுகில் சுமை இருக்கும்போது 747 ஒரே மூச்சில் பறக்கக்கூடியது 1,850 கிலோமீட்டர் அளவுதான், ஆகவே வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பியாக வேண்டும். கடைசி ஆண்டுகளில் இப்படி ஒருமுறை கொண்டுவர ஏறக்குறைய 18 லட்சம் டாலர் ஆனது. அட்டவணையில் பல நாட்களும் காலி.

கேள்வி: திரும்பத் திரும்பப் பறக்கத்தானே செய்தார்கள்? பிறகு ஏன் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்தது?

நல்ல கேள்வி. இரண்டு வாரத்தில் மறுபடி பறக்க வைப்பதுதான் முதல் கனவு. சாதனை என்று பார்த்தால் 1985இல் அட்லாண்டிஸ் ஓடம். அக்டோபர் 7 இறங்கி நவம்பர் 26 கிளம்பியது, 50 நாள். 1986இல் சேலஞ்சர் ஓடம் சிதறிய விபத்துக்குப் பிறகு அந்த வேகத்தை யாரும் நெருங்கவில்லை.

எல்லோரும் முதலில் ஓடுகளைத்தான் குறை சொல்வார்கள். நியாயம்தான். சுமார் 24,000 சிலிக்கா ஓடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண், பெரும்பாலானவற்றுக்குத் தனி வடிவம். ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருக்கும் ஓடு ஒன்றை எடுத்து ஒட்ட முடியாது. போதாததற்கு, அவற்றின் நீர்ப்புகாத் தன்மை வளிமண்டலத்தில் நுழையும்போது எழும் வெப்பத்தில் எரிந்துபோய்விடும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், ஊசியில்லாத ஊசிமருந்துத் துப்பாக்கி போன்ற ஒன்றால் ஓட்டின் சின்னத் துளை வழியாக ரசாயனத்தை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றாக, கையால்.

ஆனால் என்னைக் கேட்டால், நச்சு எரிபொருளும் அதே அளவுக்கு நேரத்தைத் தின்றது. அந்தக் குழாய்களில் யாராவது கை வைத்தால் மற்றவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஓடு ஒட்டுபவர், வயர் பார்ப்பவர் என அத்தனை பேரும் வெளியே காத்திருப்பார்கள். இது போக, மூன்று பிரதான எஞ்சின்களையும் கழற்றி வேறு பட்டறைக்கு அனுப்பிச் சோதித்தார்கள்.

கேள்வி: ஏவும்போது ஓடத்தை உந்தித் தள்ளிய பக்கவாட்டு ராக்கெட்டுகள், அந்த பூஸ்டர்கள், கடலில் விழுந்தனவே?

மீட்டார்கள். லிபர்ட்டி ஸ்டார், ஃப்ரீடம் ஸ்டார் என்று இரண்டு கப்பல்கள். செங்குத்தாக மிதக்கும் பூஸ்டரின் அடிவாயை அடைத்து, உள்ளே காற்றை அழுத்தி நீரை வெளியேற்றினால் அது படுத்துக்கொள்ளும். கட்டி இழுத்து வந்து, கழுவிப் பிரித்து, ரயிலில் யூட்டாவுக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: சார், எண்டவர் ஓடம் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் போன வீடியோ பார்த்தேன். நிஜமா?

நிஜம்தான், 2012 அக்டோபர். விமான நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் வரை சுமார் 19 கிலோமீட்டர். இறக்கையின் அகலம் மட்டும் 24 மீட்டர், தெருவோ சாதாரணத் தெரு. கிட்டத்தட்ட 400 மரங்களை வெட்டினார்கள். வெட்டியதைவிட அதிகமாக நடுவோம் என்று வாக்குக் கொடுத்தும் அங்கே வசித்தவர்களின் கோபம் குறையவில்லை. அந்தக் கோபம் சரி என்றே நினைக்கிறேன். கம்பிகளையும் சிக்னல்களையும் கழற்றி, ஓடம் போனதும் மாட்டினார்கள். சில இடங்களில் இறக்கைக்கும் கட்டடத்துக்கும் நடுவே கொஞ்சம்தான் இடைவெளி. ஒரு நெடுஞ்சாலை மேம்பாலத்தில் மட்டும் வழக்கமான இழுவை வண்டிகளை நிறுத்திவிட்டு, டொயோட்டா டன்ட்ரா என்ற பிக்-அப் வண்டி இழுத்தது. விளம்பரமும் ஆயிற்று.

கேள்வி: அருங்காட்சியகத்தில் இருக்கும் எஞ்சின்கள் உண்மையானவையா?

இல்லை. பின்னால் தெரிவது மாதிரிக் கூம்புகள். அசல் எஞ்சின்களை நாசா புதிய ராக்கெட்டுக்காக எடுத்து வைத்துக்கொண்டது. அவற்றில் நான்கு 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் 1 என்ற நிலவுப் பயண ஏவுதலில் எரிந்தன. அந்த ராக்கெட்டில் எஞ்சினை மீட்க ஏற்பாடு கிடையாது. பல முறை பறந்து, கழற்றிச் சோதித்துக் காப்பாற்றிய எஞ்சினை ஒரே தடவையில் கடலுக்குக் கொடுத்தது எனக்கு உறுத்தல்தான்.

கேள்வி: அமெரிக்கா போகிறேன். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எது?

அட்லாண்டிஸ், கென்னடி மையத்தில். சாய்த்து வைத்து, சரக்கறைக் கதவுகளைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். வாஷிங்டன் பக்கம் போனால் டிஸ்கவரி. அங்கே அடிவயிற்று ஓடுகளில் கருகிய கோடுகளைப் பார்க்க மறக்காதீர்கள்.