புக்கெட்டுக்குப் புதிய நேரடி விமானம்: சீட்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் ஒஸ்லோவில் வசிக்கிறோம். ஸ்கண்டினேவியாவிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் புதிய நேரடி விமானங்கள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. டோகா வழியாகச் செல்வதைவிடக் கட்டணமும் குறைவாக உள்ளது. நத்தார் விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் நால்வர் செல்ல விரும்புகிறோம். இப்போதே சீட்டு வாங்கலாமா? சேவை நிறுத்தப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: சீட்டை வாங்கலாம். ஆனால் விடுதி, உள்ளூர்ப் படகுப் பயணம் ஆகியவற்றுக்குத் திருப்பித் தரப்படாத கட்டணத்தை இப்போது கட்டாதீர்கள். சேவை நின்றுபோனால் விமான நிறுவனம் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டுள்ளது. நீங்கள் தனியாகப் பதிவுசெய்த விடுதிக்கு அது பொறுப்பேற்காது. உங்கள் உண்மையான இழப்பு அங்கேதான் ஏற்படும்.

நெடுந்தூரத் தடங்கள் நின்றுபோவது அரிதான செய்தியல்ல. நோர்வேஜியன் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் பாங்கொக்குக்குத் தொடங்கிய குறைந்த கட்டணச் சேவை பலருக்குப் பயன்பட்டது. ஆனால் 2021 ஜனவரியில் அந்நிறுவனம் நெடுந்தூரப் பறப்பையே முற்றாகக் கைவிட்டது. 2022 முதல் ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், ஆசியாவுக்குச் செல்லும் விமானங்கள் தெற்கே சுற்றிச் செல்கின்றன; நேரமும் எரிபொருளும் கூடுகின்றன. ஆகவே இருக்கைகள் எதிர்பார்த்த அளவு விற்காத தடத்தைத் தொடர்ந்து நடத்துவது நிறுவனத்துக்குக் கடினமாகிறது.

உங்கள் உரிமைகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 இலக்க ஒழுங்குவிதி வரையறுக்கிறது. அது நோர்வேயிலும் நடைமுறையில் உள்ளது. புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே விமானம் ரத்தாகும் என்று அறிவித்துவிட்டால் நட்டஈடு கிடையாது. அதற்குப் பிந்தி அறிவித்தால், அசாதாரண சூழ்நிலை காரணமாக இல்லாதவிடத்து, 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இத்தகைய பயணத்துக்கு ஒருவருக்கு 600 யூரோ வரை கோரலாம். இருக்கைகள் விற்கவில்லை என்பது அசாதாரண சூழ்நிலையாகாது.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னோர் உரிமை இதே விதியில் இருக்கிறது. என் பார்வையில் 600 யூரோவைவிட அதுவே பெறுமதி மிக்கது. எவ்வளவு முன்னதாக அறிவித்து ரத்துச் செய்தாலும், பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று விமானத்தில் செல்வதா என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை பயணிக்கே உரியது. ஓகஸ்ட்டில் வாங்கிய சீட்டு நவம்பரில் ரத்தானால், திரும்பி வரும் பணத்தில் டிசம்பர் விடுமுறைக்கு வேறு சீட்டு வாங்க முடியாது. அதற்குள் கட்டணங்கள் உயர்ந்திருக்கும். அப்போது நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் 'பணத்தைத் திரும்பப் பெறுக' என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் மாற்றுப் பயண உரிமையை நீங்களே கைவிட்டவர் ஆவீர்கள். வேறு நிறுவனத்தின் விமானமானாலும் சரி, ஒத்த நிபந்தனைகளில் எங்களைப் புக்கெட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தெரிவையே தராமல் பணத்தை மட்டும் அனுப்பிவைத்தால், நீங்களாக வாங்கும் சீட்டின் கட்டண வேறுபாட்டைக் கோரலாம். உங்கள் எழுத்துபூர்வமான சம்மதமின்றிப் பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தர அவர்களுக்கு உரிமை இல்லை. நிறுவனம் மறுத்தால் நோர்வேயின் போக்குவரத்துப் புகார்க் குழுவிடம் முறையிடலாம்.

இவையெல்லாம் நிறுவனம் இயங்கிக்கொண்டிருக்கும் வரைதான். அது முறிந்துபோனால் தனிச் சீட்டு வாங்கியவர் கடன்கொடுத்தோர் வரிசையில் கடைசியில் நிற்க நேரும். எனவே கடனட்டையில் செலுத்துங்கள். கிடைக்காத சேவைக்கான பணத்தை அட்டை நிறுவனத்திடம் கோர வழி உண்டு. இன்னும் உறுதியான பாதுகாப்பு வேண்டுமென்றால், விமானமும் விடுதியும் சேர்ந்த பொதிப் பயணத்தை ஒரே ஏற்பாட்டாளரிடம் வாங்குங்கள். விமானம் நின்றாலும் முழுப் பயணத்துக்கும் அவரே பொறுப்பு. அவர் முறிந்துபோனால் நோர்வேயின் பயண உத்தரவாத நிதியம் பணத்தைத் திருப்பித் தரும். ஏற்பாட்டாளர் விலையை எட்டு வீதத்துக்கு மேல் உயர்த்தினால் கட்டணமின்றி விலகலாம். புறப்படுவதற்கு முந்தைய இருபது நாட்களுக்குள் விலையை உயர்த்தவே முடியாது. சிறு பிள்ளைகளுடன் செல்லும் உங்களுக்கு, சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், இதையே பரிந்துரைக்கிறேன்.

இணையத்தில் வாங்கும் பொருளைப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்ற விதி விமானச்சீட்டுக்குப் பொருந்தாது. பெயர்களையும் திகதிகளையும் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள்.

கேள்வி: கொப்பன்ஹேகனிலிருந்து புறப்படும் விமானம் இன்னும் மலிவு. ஒஸ்லோவிலிருந்து அங்கே செல்லத் தனியாக ஒரு சீட்டு வாங்கினால் போதாதா?

பதில்: இரண்டும் ஒரே பதிவில் இல்லாவிட்டால், முதல் விமானம் பனியால் தாமதித்து இரண்டாவதைத் தவறவிடும்போது எந்த நிறுவனமும் உங்களுக்குப் பொறுப்பில்லை, நான்கு நெடுந்தூரச் சீட்டுகளின் பணமும் போய்விடும். அவ்வாறு செல்வதானால் முந்தைய நாளே சென்று தங்குங்கள். அந்த இரவுச் செலவையும், அடிப்படைக் கட்டணத்தில் அடங்காத பயணப்பெட்டி, உணவு, இருக்கைத் தெரிவு ஆகியவற்றின் விலையையும் கூட்டியபின் ஒப்பிட்டால், அந்த மலிவு பெரும்பாலும் நிலைக்காது.

கேள்வி: தாய்லாந்து நுழைவுப் படிவத்துக்கு ஓர் இணையத்தளம் கட்டணம் கேட்கிறது. செலுத்த வேண்டுமா? எங்களில் ஒருவரிடம் நோர்வேக் கடவுச்சீட்டு இல்லை, அகதிகளுக்கான பயண ஆவணமே உண்டு.

பதில்: செலுத்த வேண்டாம். 2025 மே 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு வருகை அட்டை இலவசமானது. தாய்லாந்துக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதை நிரப்பலாம். பயண ஆவணம் வைத்திருப்பவரின் நிலை வேறு. நோர்வேக் குடிமக்களுக்கு உள்ள விசா விலக்கு அவருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒஸ்லோவிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்திடம் எழுத்தில் பதில் பெற்ற பின்னரே அவருக்குச் சீட்டு வாங்குங்கள். விசா இல்லாததால் விமானத்தில் ஏற்ற மறுத்தால், ஒழுங்குவிதியின்படி அதற்கு நட்டஈடு கிடையாது.