பூ அலங்காரம் படிக்க ஆசைப்படும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

"பூக்கட்டவா பிளஸ் டூ வரைக்கும் படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைப் பார்த்து வளர்ந்த ஊரில் அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனால் உங்கள் மகள் கேட்பது மல்லிகைச் சரம் தொடுக்கும் வேலை இல்லை. ஹெலிகோனியா, ஆந்தூரியம், மான்ஸ்டெரா இலை என்று நீளக்காம்புச் சரக்கை வைத்து மேடை போடுவது.

மேடை போடத் தெரிந்தவர்கள் மதுரையில் நிறைய. காலையில் வைத்த பூவை இரவு வரவேற்பு வரை வாடாமல் நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அதற்குச் செடியைத் தெரிந்திருக்க வேண்டும். ஹெலிகோனியா வெட்டிய பிறகு விரியாது. மொட்டாக வாங்கினால் மொட்டாகவே கிடக்கும். ரோஜாவை 4 டிகிரியில் வைக்கலாம். அதே குளிர் அறையில் ஹெலிகோனியாவையும் ஆந்தூரியத்தையும் போட்டால் கறுத்துவிடும். வெப்பநாட்டுச் செடிகளாதலால் 13 டிகிரிக்குக் கீழே தாங்காது. காம்பு குத்தி நிறுத்தும் பச்சை ஃபோமைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாக மூழ்கும். அவசரத்தில் கையால் அமுக்கினால் நடுவில் காற்று தங்கிவிடும். அங்கே குத்திய காம்புக்குத் தண்ணீர் கிடைக்காது. செங்காந்தள் நம் மாநிலப் பூ, மேடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் செடி முழுக்க நஞ்சு என்பதால் சாப்பாட்டு மேஜைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அறிவியல் பிரிவு என்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் 4 ஆண்டுப் பட்டப்படிப்புக்கு முயலலாம். வணிகவியல் எடுத்திருந்தால் அந்த வழி இல்லை. குறுகிய காலப் பயிற்சிதான். சேருமுன் அங்கே ஒரு நாளைக்கு எத்தனை காம்பு கையில் தருவார்கள் என்று கேளுங்கள். படம் காட்டி முடிக்கும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை. ஒன்பது ஜெர்பரா பூ, மூன்று பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் 5 செ.மீ. தண்ணீர் மட்டும், ஆழமாக நின்றால் அந்த மயிர்க்காம்பு அழுகிவிடும். முதல் பாட்டிலைத் தொடவே வேண்டாம். இரண்டாவதில் தினமும் தண்ணீர் மாற்றி, காம்பை 1 செ.மீ. சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். மூன்றாவதில் லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் சர்க்கரை மட்டும். அது கலங்கிப்போகும், ஏனென்றால் பூவுக்கு முன்னால் பாக்டீரியா சாப்பிட்டுவிடும், காம்பும் அடைத்துக்கொள்ளும். எந்தப் பூ எந்த நாள் கழுத்து மடங்கியது என்று மகளே நோட்டில் எழுதட்டும். பத்து நாளும் நீங்கள் நினைவுபடுத்தாமல் எழுதினால், கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.