பாட்டாவின் பட்டாளப் பதக்கம் என்ன விலை போகும்? – கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் இருந்து: அண்ணே, பாட்டா பர்மா சண்டைக்குப் போனவர். டிரங்குப் பெட்டியில் நட்சத்திரம் மாதிரி இரண்டு, வட்டமாக இரண்டு கிடக்கு. ஆக்கர் (பழைய இரும்பு, பித்தளை வாங்கும்) கடைக்காரர் பித்தளை விலைக்குக் கேட்கிறார். கொடுத்துரலாமா?

கொடுக்காதீங்க தம்பி. அதுக்காக லட்சக்கணக்கில் போகும் என்று கணக்குப் போடவும் வேண்டாம். ஆறு முனை நட்சத்திரம் இரண்டும் 1939–45 ஸ்டாரும் பர்மா ஸ்டாருமாகத்தான் இருக்கும், முன்பக்கமே எழுதியிருக்கும். வட்டத்தில் ஒரு சிங்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நின்றால் வார் மெடல், இந்தியா வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். ஏராளமான பேருக்குக் கொடுத்தவை என்பதால் தனித்தனியாக எடுத்தால் சந்தையில் பெரிய விலை கிடையாது. விலையை ஏற்றுவது 'இது யாருடையது' என்பதற்கான ஆதாரம்தான். விளிம்பில் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பட்டாளத்தில் இருந்து விடுவித்தபோது கொடுத்த பாட்டாவின் டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் அதைப் பதக்கத்தோடு சேர்த்தே வையுங்கள். நாலையும் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுவிட்டால் அந்தத் தொகுப்பு போச்சு, அப்புறம் எந்தச் சேகரிப்பாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

உருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. முதல் உலகப்போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி. 1980 தொடக்கத்தில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது இங்கிலாந்தில் எத்தனையோ குடும்பங்கள் அதை உருக்கி விற்றன. விளிம்பில் பெயர் இருந்த பதக்கங்கள் அவை. இன்றைக்கு அந்தக் குடும்பத்துப் பேரன்மார் அதே பெயரை ஏலத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதே மெடலை, சுமை தூக்கிய, பாதை போட்ட இந்தியத் தொழிலாளர் படைக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். அன்றைக்கு அது ஒரு மாற்றுக் குறைவு. இன்று வெள்ளியை விட வெண்கலம்தான் அரிது, சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

தக்கலையில் இருந்து: புளி போட்டுத் தேய்க்கலாமா சார்?

கூடவே கூடாது. குத்துவிளக்குக்கு அது சரி. பதக்கத்தில் புளியும் பாலிஷும் மேல்படலத்தை எடுத்துவிடும், தேய்க்கத் தேய்க்க விளிம்புப் பெயரும் மழுங்கும். மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ரிப்பன் கிழிந்திருந்தாலும் பழசைத் தூக்கி எறியாதீங்க.

நாகர்கோவிலில் இருந்து: பரம்வீர் சக்ரா வெண்கலம், அதற்குக் கீழே இருக்கிற மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளி. இது தலைகீழா இல்லையா?

தலைகீழ் இல்லை, உலோகத்தின் விலையை வைத்துப் பதக்கத்தை அளக்கக் கூடாது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கத்தை எடுங்கள்: தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, வெண்கலம், கோட்டைச் சுவரில் ஏறிய சிப்பாய்க்கு வெறும் தகரம். செய்த காரியத்தைப் பார்க்கவில்லை, பதவியைப் பார்த்துத்தான் உலோகம். 1856-ல் வந்த விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம், அதை மாற்றியது. ஆபீசரானாலும் சாதாரணச் சிப்பாயானாலும் ஒரே வெண்கலம். ஆனால் இந்தியச் சிப்பாய்க்கு அதுவும் 1911 வரை கிடையாது! நம்முடைய பரம்வீர் சக்ராவும் 1950 முதல் வெண்கலம்தான், இதுவரை 21 பேருக்கே கிடைத்திருக்கிறது. பதக்கத்துக்கான மாதாந்திரப் படியை 2017-ல் பரம்வீர் சக்ராவுக்கு 20,000, மகாவீருக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். போதுமா என்று கேட்டால், போதாது என்பது என் கட்சி.

குலசேகரத்தில் இருந்து: எங்க சித்தப்பா நெஞ்சில் பத்துப் பதக்கம். பக்கத்து வீட்டு மாமாவுக்கு மூன்றுதான். ஆனா ஊரில் மாமாவுக்குத்தான் மரியாதை. ஏன்?

சித்தப்பாவைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் எண்ணிக்கை வீரத்தைக் காட்டாது. 9 வருடம், 20 வருடம் சர்வீஸ் முடித்தால் ஒவ்வொன்று. 1997-ல் பணியில் இருந்தவர்களுக்கு சுதந்திரப் பொன்விழா மெடல். பனிமலைக்குப் போனால் ஒன்று, வெளிநாட்டுப் பணிக்கு ஒன்று. எல்லாம் உழைத்து வாங்கியதுதான், ஆனால் அவை 'அங்கே இருந்தேன்' என்று சொல்கிறவை. மாமாவின் மூன்றில் ஒன்று 'பூர்வி ஸ்டார்' என்றால் 1971 போரில் கிழக்கு முனைக்குப் போனவர். இன்னொன்று வீரத்துக்கான சேனா மெடல் என்றால் கதையே வேறு. ரிப்பனைப் படமெடுத்து அனுப்புங்கள், சொல்கிறேன்.

குளச்சலில் இருந்து: பர்மா ஸ்டாரைச் சுவரில் மாட்ட வீட்டில் தகராறு. வெள்ளைக்காரனுக்காக நேதாஜி படையை எதிர்த்துச் சுட்டதற்குக் கிடைத்ததாம்.

மாட்டுங்க. பர்மாவில் எதிரே நின்ற பெரிய படை ஜப்பான் படை, நேதாஜியின் ஐ.என்.ஏ.வும் (இந்திய தேசிய ராணுவம்) அதோடு சேர்ந்து வந்தது உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். சம்பளத்துக்காகச் சேர்ந்த இருபது வயதுப் பையனிடம் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. இந்தியக் குடியரசும் அந்தப் பதக்கங்களை வீசி எறியச் சொல்லவில்லை, நம்முடைய பதக்கங்களுக்கு அடுத்த வரிசையில் குத்திக்கொள்ள இடம் கொடுத்தது. பக்கத்திலேயே ஐ.என்.ஏ.வுக்குப் போன உறவினர் படம் இருந்தால் அதையும் மாட்டுங்கள். ஒரே வீட்டுச் சுவரில் இரண்டும் இருந்தால் என்ன தப்பு?

அப்புறம், திருவிதாங்கூர் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த 1741 குளச்சல் போருக்குப் பதக்கம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கிடையாது, போரில் நின்ற அத்தனை பேருக்கும் பதக்கம் கொடுக்கிற பழக்கமே பிறகு வந்ததுதான். உங்களுக்கு வெற்றித் தூண் இருக்கே.

இன்னொருவர்: முதல் உலகப்போர்ப் பதக்கம் இருக்கு. லண்டன் ஏலத்துக்குத் தபாலில் அனுப்பலாமா?

அவசரப்படாதீங்க. நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. பதக்கமும் அதில் மாட்டலாம், எனவே முதலில் தொல்லியல் துறையில் கேளுங்கள். நாட்டுக்குள் விற்பதென்றாலும் விளிம்பையும் டிஸ்சார்ஜ் தாளையும் படமெடுத்து வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.