கையெழுத்து யாருடையது, கல்லாப்பெட்டி யாருடையது?

சிறுதொழில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர், பெண்கள் நடத்தும் தொழில்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பெண்கள் நடத்தும் தொழில்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். எங்கள் பகுதித் தொழிற்பேட்டையிலோ பெண் முதலாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எதை நம்புவது?
வாசகர், திருச்சி

பதில்: இரண்டையும் நம்பலாம். 2013-14இல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இருந்த ஏறத்தாழ 5.85 கோடி தொழில் நிறுவனங்களில் 80.5 லட்சம் பெண்களுக்கு உரியவை, அதாவது 13.76 விழுக்காடு. அவற்றில் மிக அதிகமானவை, சுமார் 10.87 லட்சம், தமிழ்நாட்டில் இருந்தன. ஆனால் ‘நிறுவனம்’ என்ற சொல்லுக்குள் எவையெல்லாம் அடங்கின என்று பார்த்தால் உங்கள் ஐயம் தீர்ந்துவிடும். அந்தக் கணக்கில் பயிர்த்தொழில் சேரவில்லை, கால்நடை வளர்ப்பு சேர்ந்தது. பெண்களின் நிறுவனங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவை வேளாண் சார்ந்தவை, அவற்றிலும் பெரும்பகுதி கால்நடைதான். நூற்றுக்கு 83 நிறுவனங்களில் சம்பளத்துக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. இரண்டு கறவை மாடுகளை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவரும், திண்ணையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவரும் அந்த 10 லட்சத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தொழில் செய்கிறவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களைத் தொழிற்பேட்டையில் தேடினால் கிடைக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்குப் பிந்தைய, மத்திய அரசின் உத்யம் தொழில் பதிவுக் கணக்கும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2020 ஜூலையில் தொடங்கி 2024 தொடக்கம் வரை பதிவான குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் பெண்களுடையவை 20.5 விழுக்காடு. முதலீட்டில் அவற்றின் பங்கு 11.15, விற்றுமுதலில் 10.22. ஆனால் வேலைவாய்ப்பில் மட்டும் 18.73. தங்கள் எண்ணிக்கைப் பங்கில் பாதியளவே முதலீட்டை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ அந்தப் பங்குக்கு ஈடாக ஆட்களுக்கு வேலை கொடுக்கிறார்கள். இந்தக் கடைசி எண்ணை ஏன் எந்த மேடையிலும் சொல்வதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு 15 ஆண்டுகளாக நடக்கிறது. ஆறு முறை வங்கிக் கடன் வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்திருக்கிறோம். ஆனாலும் அன்று பெட்டிக்கடை வைத்திருந்தவர் இன்றும் பெட்டிக்கடைதான் வைத்திருக்கிறார். எங்கே தவறு நடந்தது?
வாசகி, தருமபுரி

பதில்: இந்தக் கேள்வி உங்கள் மாவட்டத்திலிருந்து வந்திருப்பது பொருத்தம்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் அமைக்கப்பட்டது 1989இல், தருமபுரியில்தான். கந்துவட்டிக்காரரிடமிருந்து மீட்பது, சேமிக்கப் பழக்குவது, வங்கிப் படியேற வைப்பது ஆகியவைதான் குழுவுக்கு வகுத்த வேலை. அந்த வேலையை உங்கள் குழு குறைவின்றிச் செய்திருக்கிறது. ஒரு தொழிலைப் பெருக்குவது வேறு வேலை. அதற்கு இந்தக் கடனின் அமைப்பே இடம் கொடுப்பதில்லை.

கடன் வாங்கிய சில நாட்களிலேயே முதல் தவணை கட்ட வேண்டும் என்றால் எந்தத் தொழிலில் பணம் போடுவீர்கள்? இன்று வாங்கி நாளை விற்றுவிடக்கூடிய பொருளில்தான்: பூ, காய்கறி, பெட்டிக்கடைச் சரக்கு. இயந்திரம் வாங்கி, கைபழகி, வாடிக்கை பிடித்து, மூன்றாம் மாதம் காசு பார்க்கும் தொழிலில் போட எவருக்கும் துணிவு வராது. கொல்கத்தாவில் நுண்கடன் வாங்கிய பெண்களிடம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது, மற்றவர்களுக்கு இரண்டு மாதம் அவகாசம் தரப்பட்டது. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் முதலிட்டார்கள், மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களின் லாபம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவர்களிடையே கடன் திரும்பாமல் போனதும் அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வங்கிகள் அந்தப் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாவது காரணம் சற்றுச் சங்கடமானது. 2005இல் தொடங்கி, ஆய்வாளர்கள் இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் மதிப்பில் திருப்பித் தர வேண்டாத உதவி வழங்கினார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் நன்றாக உயர்ந்தது. பெண்களின் தொழிலிலோ சராசரியாக எந்த உயர்வும் தெரியவில்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று சிலர் அவசரமாக முடிவு கட்டினார்கள். பிறகு அதே விவரங்களை வேறு ஆய்வாளர்கள் வீடுவாரியாகப் பிரித்துப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில், மனைவிக்கு வந்த பணம் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. மனைவியின் தொழில் ஒன்று மட்டுமே இருந்த வீடுகளிலோ லாபம் ஆண்களுக்குக் கிடைத்ததற்கு இணையாக இருந்தது.

உங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, ஆறு கடன்களிலும் யார் யார் என்ன நோக்கம் எழுதிப் பணம் பெற்றார்கள் என்று பாருங்கள். ‘கறவை மாடு’ என்று எழுதிய வீட்டில் எத்தனை மாடுகள் கட்டியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: மனைவியின் பெயரில் கடன் வாங்கிக் கணவன் தொழில் நடத்தினால் என்ன தவறு? குடும்பம் ஒன்றுதானே?
வாசகர், மதுரை

பதில்: லாபம் வரும்வரை குடும்பம் ஒன்றுதான். நான் மேலாளராக இருந்தபோது, தையல் கூடம் வைக்க என்று ஒரு தம்பதியர் வந்தார்கள். ஒரு ஜாக்கெட் தைக்க என்ன கூலி, நூல்கண்டு என்ன விலை என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் கணவரே பதில் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மார்ச் மாதக் கடைசி, பெண்களுக்கான கடன் இலக்கில் எங்கள் கிளை பின்தங்கியிருந்தது, ஆகவே கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து அந்த அம்மாள் மட்டும் வங்கி நோட்டீஸைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். தையல் இயந்திரம் வாங்கப்படவே இல்லை. கொட்டேஷன் கொடுத்த கடைக்காரர் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைக் கணவரிடம் கொடுக்க, அது ஒரு பழைய சரக்கு ஆட்டோவாகி, ஆட்டோவும் விற்றுப் போயிருந்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் கெட்டது அந்த அம்மாளுக்கு. பிறகு அவர் உண்மையாகவே தைக்கத் தொடங்கிக் கடன் கேட்டபோது எந்த வங்கியும் கொடுக்கவில்லை. சிறுதொழில்களுக்கான முத்ரா திட்டக் கடன் கணக்குகளில் நூற்றுக்கு 68 பெண்களுடையவை என்று அரசு சொல்லும்போதெல்லாம், அவற்றுள் இப்படிப்பட்டவை எத்தனை என்ற எண்ணம் எனக்கு வந்துபோகும். பெண்களுக்கான கூடுதல் மானியம் பெற்றுக்கொண்டு நீங்கள் தொழில் நடத்தினால், அது பொய்யான உறுதிமொழி என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பாக்குமட்டைத் தட்டு தயாரிக்க விரும்புகிறேன், எட்டு லட்சம் தேவைப்படுகிறது. வீடு மாமனார் பெயரில் உள்ளது. அடமானம் இல்லாமல் முடியாது என்கிறது வங்கி.
வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: குறு, சிறு தொழில்களுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்திவிட்டது. கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு கொடுக்கும் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் வங்கியே உத்தரவாதம் பெற்றுக்கொள்ளலாம் என்று குறிப்பிட்டு, கடனை எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறுத்துவிடுவார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்கள் சொந்தப் பணமாக 5 விழுக்காடு போட்டால் போதும், ஊரகப் பகுதி என்றால் 35 விழுக்காடு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆனால் அந்த மானியம் கையில் வராது. உங்கள் பெயரில் மூன்று ஆண்டுகள் வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பிறகே கடனில் கழிக்கப்படும். மானியத்தை நம்பி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களை நான் அறிவேன். மட்டை வரத்து குறையும் மாதங்களுக்கும் சேர்த்து நடைமுறை மூலதனத்தைத் திட்ட அறிக்கையில் காட்டுங்கள்.

அடமானத்துக்குச் சொத்து இல்லை என்ற நிலையே எப்படி வந்தது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தமிழ்நாட்டில் 1989 முதலே சட்டமாக இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நம் வீடுகளில் இன்னமும் பெருந்தன்மையாகக் கருதப்படுகிறது.

கேள்வி: தொழில் பயிற்சி முகாம்களால் பலன் உண்டா?
வாசகி, கடலூர்

பதில்: தனியாகப் போகாதீர்கள். அகமதாபாத்தில், 1974இல் பெண்களே தொடங்கிய சேவா வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தோழியை உடன் அழைத்துவரச் சொல்லப்பட்டவர்கள் பிறகு கடன் வாங்கித் தொழிலை விரிவாக்கினார்கள். தனியாக வந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. தவிர, முகாம் காலை பத்து மணிக்கு என்றால் பலரால் வரவே முடியாது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு அது 88.

கேள்வி: முறுக்கு, அதிரசம் தயாரித்து ஒரு பெரிய கடைக்குக் கொடுக்கிறேன். நான்கு மாதப் பில் பணம் வரவில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, திருநெல்வேலி

பதில்: பயம் நியாயமானது, ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு கணக்கிடப்படும். நீங்கள் உத்யம் பதிவு பெற்றிருக்கிறீர்களா என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருந்தால் வீண் வாதம் எழாது. இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. உடனே புகாருக்குப் போக வேண்டாம். எந்தத் தேதியில் எத்தனை கிலோ, எந்தப் பில், எவ்வளவு நிலுவை என்று ஒரு பற்றுவரவு அறிக்கை தயாரித்து, உங்கள் உத்யம் எண்ணை அதன் தலைப்பில் அச்சிட்டு, கடையின் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். கொள்முதல் செய்கிறவரை அணுகுவதைவிட இதுவே நல்லது. இந்தக் கெடுவைத் தாண்டிய நிலுவையை, பணம் கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்டி அவர்கள் வருமான வரிக் கழிவு பெற முடியாது என்பது அந்தப் பிரிவினருக்குத் தெரியும். அதற்கும் அசையவில்லை என்றால், குறு, சிறு தொழில்களின் நிலுவைப் புகார்களுக்கான அரசு இணையதளத்தில் மனுப் போடலாம். அதற்குள் இரண்டாவதாக ஒரு கடையைப் பிடித்துவிடுங்கள்.