நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் பேசுவதால் ஏதாவது நடக்கிறதா?

கேள்வியின் கீழே இன்னொரு வரியும் இருந்தது: "கூச்சல், வெளிநடப்பு தவிர உருப்படியாக யாராவது ஏதாவது செய்திருக்கிறார்களா? ஒரு உதாரணமாவது சொல்லுங்கள்."

ஒரே ஆளை வைத்து இரண்டு உதாரணம் சொல்கிறேன். திமுகவின் திருச்சி சிவா. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் என்பதால் அவர் பேச்சைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்திருக்கிறேன், அவ்வளவுதான். அவர் கட்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. முதல் உதாரணத்தில் ஜெயித்தார். இரண்டாவதில் தோற்றார் என்று எழுத வந்தேன், கை வரவில்லை. எண்ணினால்தானே ஜெயிப்பும் தோற்பும்?

முதலாவது, 2015. அதற்கு முந்தைய ஆண்டுதான் மக்களவைத் தேர்தலில் திமுக ஓரிடம்கூட வாங்காமல் போயிருந்தது. மாநிலங்களவையில் விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்கள். எதிரே மக்களவையில் முழுப் பெரும்பான்மையோடு வந்த புது அரசு. இந்த நிலைமையில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் கையில் இருப்பது வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும்தான். அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் தானே ஒரு மசோதா எழுதிக் கொண்டுவரலாம். அதற்குப் பெயர் தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இரண்டரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். நடைமுறை என்னவென்றால், பாதிப் பேர் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள். கொண்டுவந்தவர் பேசுவார், நாலைந்து பேர் ஆதரித்துப் பேசுவார்கள், கடைசியில் அமைச்சர் எழுந்து "உறுப்பினரின் உணர்வைப் பாராட்டுகிறேன், அரசே விரிவான மசோதா கொண்டுவரும், இதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்பார். இவரும் பெற்றுக்கொள்வார். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி ஒரு சடங்கு. சுதந்திர இந்தியாவில் இந்த வழியில் வந்து சட்டமானவை மொத்தமே 14. கடைசியாக ஆனது 1970இல்.

சிவா கொண்டுவந்தது திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்கான மசோதா. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இவர் மசோதாவோடு வந்துவிட்டார். கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு, தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள் என்று விரிவாகவே எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் 2008லேயே நலவாரியம் வந்துவிட்டது. "திருநங்கை" என்ற மரியாதையான சொல்லும் நம் வாயில் பழகிவிட்டது. அதனால் இங்கிருந்து போன ஒருவர் இதை எடுத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் ஆச்சரியம்.

2015 ஏப்ரல் 24. வழக்கம்போல வெள்ளிக்கிழமை. சமூகநீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட் எழுந்து வழக்கமான அந்த வேண்டுகோளை வைத்தார்: திரும்பப் பெறுங்கள், அரசு பார்த்துக்கொள்ளும். சிவா மாட்டேன் என்றார். வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று நின்றார்.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. அவையில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பில் நடக்கின்றன. ஆதரிப்போர் "ஆம்" என்று கத்துவார்கள், எதிர்ப்போர் "இல்லை" என்று கத்துவார்கள், எந்தச் சத்தம் பெரிது என்று நாற்காலியில் இருப்பவர் காதால் கேட்டுச் சொல்வார். அதை ஓர் உறுப்பினர் ஏற்காவிட்டால் "டிவிஷன்" என்று கேட்கலாம். அப்போது பொத்தானை அழுத்தியோ சீட்டு எழுதியோ ஒவ்வொரு வாக்காக எண்ண வேண்டும். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது பெயரோடு பதிவாகும். நூறு பேர் சேர்ந்து கேட்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, ஓர் ஆள் கேட்டால் போதும் என்பதுதான் வழக்கம்.

அரசுக்கு அன்றைக்குச் சங்கடம். மாநிலங்களவையில் அதற்குப் பெரும்பான்மை கிடையாது. திருநங்கையர் உரிமைக்கு எதிராக வாக்களித்தார்கள் என்று பெயர் பெயராகப் பதிவாவதையும் எந்தக் கட்சி விரும்பும்? அரசுத் தரப்பின் தலைவரான அவை முன்னவர் அருண் ஜெட்லி எழுந்து, இப்படி ஒரு விஷயத்தில் அவை இரண்டாகப் பிரிய வேண்டாம் என்ற பொருளில் பேசினார். மசோதா ஒருமனதாக நிறைவேறியது. எண்ணச் சொல்லி ஒருவர் விடாப்பிடியாக நின்றதால் எண்ணாமலே கிடைத்த வெற்றி. ஓர் அவையில் தனிநபர் மசோதா நிறைவேறிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அப்புறம் என்ன ஆனது? மக்களவையில் எடுத்துச் செல்ல திமுகவுக்கு அங்கே ஆளே இல்லையே. ஒடிசாவின் பிஜு ஜனதா தளத்தைச் சேர்ந்த பைஜயந்த் பாண்டா அதை அங்கே கையிலெடுத்தார். 2016 பிப்ரவரியில் விவாதத்துக்கும் வந்தது. அதோடு சரி. அதே ஆண்டு அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. இடஒதுக்கீடும் இல்லை, ஆணையங்களும் இல்லை. தான் யார் என்பதற்கு மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார்கள். பாலியல் வன்முறைக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரைதான் தண்டனை. பெண்களுக்கு இழைத்தால் பல மடங்கு கடுமையான தண்டனை உள்ள அதே குற்றத்துக்கு! பல சுற்றுகள் கடந்து 2019 நவம்பர் 26 அன்று அது மாநிலங்களவைக்கு வந்தபோது, மசோதாவை விரிவாக ஆராயும் எம்.பி.க்களின் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் சிவாதான். அன்றைக்கு எண்ணினார்கள். ஆதரவு 55, எதிர்ப்பு 74. தோற்றார். ஆனால் அந்த 55 இன்றைக்கும் பதிவேட்டில் இருக்கிறது. அவர் மசோதா வந்திராவிட்டால் அரசு இப்படி ஒரு சட்டத்தை எப்போது கொண்டுவந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் கணிப்பு, இன்னும் பல வருடம் இழுத்திருக்கும்.

இனி விவசாயம். இதை நான் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன்.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா காலம் என்பதால் லால்குடி பக்கம் எங்கள் வீட்டிலிருந்துதான் எனக்கு அலுவலக வேலை. அந்த வாரம் அப்பாவின் குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலாகக் கிடந்தது. முதல் நாள் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். காயவைத்துக் கொண்டுபோனால் சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்ததும், சிப்பத்துக்கு 40 கிலோ என்று எழுதிக்கொண்டு எவ்வளவு அள்ளிப் போடுகிறார்கள் என்பதில் தகராறு. அப்பா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முள்ளை எனக்குக் காட்டிட்டு எழுதுங்க."

ஞாயிறு அன்று கைப்பேசியில் மாநிலங்களவை நேரலை ஓடிக்கொண்டிருந்தது. ஜூனில் அவசரச் சட்டமாக வந்த மூன்று வேளாண் சட்டங்களில் இரண்டு, மசோதாவாக மக்களவையைத் தாண்டி இங்கே வந்திருந்தன. ஒன்று, வடக்கே மண்டி என்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வெளியே வரியில்லாமல் விளைபொருளை வாங்கி விற்க வழி செய்வது. இன்னொன்று ஒப்பந்த விவசாயம். நம் டெல்டாக்காரனுக்குப் பஞ்சாப்காரர் அளவுக்கு மண்டிக் கவலை கிடையாது. எங்கள் கவலை கொள்முதல் நிலையம் நாளைக்கும் இருக்குமா, குறைந்தபட்ச ஆதரவு விலை என்ற சொல் மசோதாவில் எங்கேயாவது இருக்கிறதா என்பதுதான். இல்லை. விலை தொடரும் என்று அமைச்சர்கள் வாயால் சொன்னார்கள், எழுத்தில் தரவில்லை. இரண்டையும் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று தீர்மானம் கொடுத்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.கே. ராகேஷ், திரிணாமூலின் டெரெக் ஓ'பிரையன் ஆகியோருடன் சிவாவும் ஒருவர்.

மதியம் 1 மணிக்கு அவை முடிய வேண்டும். துணைத் தலைவர் ஹரிவன்ஷ், மசோதாக்கள் முடியும்வரை நீட்டிப்பதாகச் சொன்னார். எதிர்க்கட்சிகள் மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்றன. கூச்சல் கூடியது, பலர் அவையின் நடுவே போனார்கள், விதிப்புத்தகம் பறந்தது. அது அழகான காட்சியில்லை, எதிர்க்கட்சி செய்தது என்பதற்காக நான் பூசி மெழுகப் போவதுமில்லை. அந்த நேரத்தில் சிவா "டிவிஷன்" கேட்டார். கிடைக்கவில்லை. எல்லாமே குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் நேரலையில் ஒலியும் நின்றுபோனது.

"என்னடா, ஊமைப்படமாயிடுச்சு?" என்றார் அப்பா.

"ஓட்டு எண்ணச் சொல்லிக் கேட்டாங்கப்பா. எண்ணாமலே நிறைவேறிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

"அதெப்படி? தராசுல ஏத்தாம வாயால எடை சொல்றதா?"

அந்த வாரம் முழுக்க அவர் சண்டை போட்டதே அதற்காகத்தான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துணைத் தலைவர் தரப்பு விளக்கமும் உண்டு: கேட்டவர் தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும், அவையிலும் ஒழுங்கு இருக்க வேண்டும், அன்று அது இல்லை என்றார். பிறகு ஓர் ஆங்கில நாளிதழ் மாநிலங்களவைத் தொலைக்காட்சிப் பதிவை நிமிடக் கணக்காகப் பார்த்து, கேட்ட நேரத்தில் சிவா தன் இருக்கையில்தான் நின்றிருந்தார் என்று எழுதியது. அமளிக்கிடையே எப்படி எண்ணுவது என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடம் ஒத்திவைத்து, உட்காரவைத்து எண்ணியிருக்கலாமே. எண்ணிக்கை அரசின் பக்கம்தான் இருந்தது என்று அமைச்சர்களே பிறகு சொன்னார்கள். அப்படியானால் எண்ணிக் காட்டுவதில் என்ன கஷ்டம்?

மறுநாள் 8 எம்.பி.க்கள் இடைநீக்கம். அந்தப் பட்டியலில் சிவா பெயர் இல்லை. அந்த மாதமே குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். நவம்பர் கடைசியில் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்தது, நவம்பர் 19 அன்று பிரதமர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சட்டம் போனது விவசாயிகள் ஒரு வருடம் குளிரிலும் வெயிலிலும் கிடந்ததால்தான். எந்த எம்.பி.யின் பேச்சாலும் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் "எங்களைக் கேட்காமல், அவையில் எண்ணக்கூட எண்ணாமல் நிறைவேற்றினார்கள்" என்று அவர்கள் சொல்ல முடிந்தது. ஒருவர் எழுந்து கேட்டு, அது மறுக்கப்பட்டு, பதிவிலும் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: நடக்கிறது, ஆனால் பேச்சால் நடப்பதைவிட இந்த மாதிரிக் கேட்பதால் நடப்பது அதிகம். நமக்குச் செய்தியில் வருவது இருபது வினாடி ஆவேசம். தீர்மானம் கொடுப்பது, திருத்தம் கொடுப்பது, திரும்பப் பெற மறுப்பது, எண்ணச் சொல்வது இதெல்லாம் யூடியூபில் ஓடாது. உங்கள் எம்.பி.யை எடை போட வேண்டுமானால் அவர் எத்தனை முறை கர்ஜித்தார் என்று பார்க்காதீர்கள். எத்தனை திருத்தம் கொடுத்தார், எதில் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று அவைக் குறிப்புகளில் பாருங்கள். இரண்டு அவைகளின் இணையதளத்திலும் கிடைக்கிறது. தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

2021 நவம்பர் 29 அன்று வேளாண் சட்டங்களை நீக்கும் மசோதா ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. மக்களவையில் விவாதம்கூட இல்லை. நான் அப்போது சென்னைக்குத் திரும்பியிருந்தேன். அடைமழையில் அப்பா வயலில் தேங்கிய தண்ணீரை வடிய விட்டுக்கொண்டிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு" என்றார். கொஞ்சம் விட்டு, "இந்தத் தடவையாவது எண்ணினாங்களா?"

"இல்லப்பா."

"சரி, வை. மடை உடையுது."